‘அன்னார்’ இணையமேறிய கதை

தமிழில் மிக நீண்ட வாக்கியங்களை எழுதுவோர் யாவர் என்று ஒரு மாணவன் என்னைக் கேட்பானாயின், பழைய உரையாசிரியர்களை நான் சுட்டிக் காட்டமாட்டேன். யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல் ஒன்றை எடுத்து அவன் கையிற் கொடுப்பேன். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும், இன்னோர் ஊரை வாழ்விடமாகவும், கடல் கடந்த நகரொன்றை வதிவிடமாகவும் கொண்ட ஒருவர் இறைவனடி சேர்ந்தார் என்று முதல் வாக்கியம் முடியும். அடுத்த வாக்கியம் ‘அன்னார்’ என்று தொடங்கும். தொடங்கியபின் எளிதில் முடியாது. காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மகனும், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் மருமகனும், இன்னாரின் கணவரும், ஐவரின் தந்தையும், ஐவரின் மாமனாரும், பன்னிருவரின் பேரனும் என்று உம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். (பேரன் என்றால் நம் வழக்கிற் பாட்டனார், தமிழகத்து வாசகர் மயங்கற்க.) ஈற்றில், வாசிப்பவன் மூச்சுத் திணறுந் தறுவாயில், ‘ஆவார்’ என்ற பயனிலை தோன்றி அவனைக் காப்பாற்றும். எண்ணும்மைக்கு உதாரணந் தேடி அலையும் தமிழாசிரியருக்கு இதனினும் சிறந்த பாடம் கிடையாது.

இந்த வாக்கியம் பத்திரிகையிற் பிறந்து, வானொலியிற் சுருங்கி, இன்று இணையத்திற் கைகால் நீட்டிக்கொண்டு படுத்திருக்கின்றது. அதன் வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும் என்று தோன்றியமைக்குக் காரணம் உண்டு. இணையம் இளைஞரைக் கெடுக்கின்றது என்ற குற்றச்சாட்டைப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் கோவில் மேடைகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதியவரை அது என்ன செய்தது என்று கேட்பார் எவருமிலர். நான் அறிந்த முதியவர் பலர் காலையிற் கண்விழித்ததும் கைத்தொலைபேசியை எடுப்பது உலகச் செய்திக்காக அன்று. யார் போய்விட்டார் என்று அறிவதற்காகவே. முன்னர்ப் பத்திரிகையைப் புரட்டியதும் இதற்காகத்தான். முதற்பக்கத்தில் அரசாங்கம் கவிழ்ந்தாலும் கவிழட்டும். உட்பக்கத்தில் உரும்பிராயில் ஒருவர் காலமானார் என்பதே அவர்களுக்கு முதற்செய்தி.

பத்திரிகைக்கு முன்னர் இழவு சொல்ல ஆள் போனான். அவன் போன முறையை இன்று சிலர் ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். நான் அவ்வாறு செய்யேன். அந்த ஊழியத்தைக் குடிமை என்ற பெயரால் சில குடும்பங்களின் தலையிற் சாதி சுமத்தியிருந்தது. வெயிலானாலும் மழையானாலும் ஊர் ஊராக நடந்து, முற்றத்தில் நின்றவாறே சொல்லிவிட்டு, விறாந்தையில் ஏறாமலே திரும்பவேண்டியவன் அவன். தொலைபேசி அவனை அந்த நடையிலிருந்து விடுவித்தது. இணையத்தைப் பழிப்போர் இந்த ஒரு நன்மையையாவது கணக்கில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் அவன் சொன்ன விதத்தில் ஒரு நாகரிகம் இருந்தது. நெருங்கிய உறவினர் வீட்டில், ‘செத்துப்போனார்’ என்று அவன் ஒருபோதும் தொடங்கியதில்லை. ‘அப்புவுக்குக் கொஞ்சம் ஏலாமற் கிடக்கு, ஒருக்கால் வந்திட்டுப் போகட்டாம்’ என்பான். கேட்டவருக்கு உண்மை விளங்கிவிடும். ஆனால் உண்மைக்கும் அழுகைக்கும் இடையே, சால்வையை எடுத்துத் தோளிற் போட்டுக்கொள்ளும் அளவு நேரம் கிடைக்கும். நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கலம் என்ற ஒன்றை வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு உதாரணம் என வகுப்பில் நாம் மனனஞ் செய்தோம். இலக்கணம் கல்லாத அந்த மனிதன் அதனைப் படலையடியிற் கையாண்டான்.

அச்சு இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே உதயதாரகையைத் தொடங்கினர். 1889 இல் சைவ பரிபாலன சபையார் இந்து சாதனத்தையும், 1930 இல் நா. பொன்னையா அவர்கள் ஈழகேசரியையும், 1959 இல் வேறு சிலர் ஈழநாட்டையும் தொடங்கினர். சமயமும் அரசியலும் இலக்கியமும் பேச எழுந்த இப்பத்திரிகைகளின் மரபில், மரண அறிவித்தலும் மெல்ல மெல்ல ஓர் இடம் பிடித்துக்கொண்டது. இலங்கை வானொலியோ அதற்குக் குரலும் கொடுத்தது. சொல்லுக்குச் சொல் காசு என்றமையால் வானொலி அறிவித்தல் சிக்கனமானது: ஊர், பெயர், உறவு, மயானம், நேரம். அறிவிப்பாளர் துக்கமுமின்றி உற்சாகமுமின்றி, ஒருவகை நடுநிலைக் குரலில் அதனை வாசிப்பார். அவ்வேளை வீட்டில் எவரும் பேசலாகாது. வேண்டிய ஊரின் பெயர் வராது போனால் ஓர் ஆறுதல். வந்துவிட்டால் அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுப் புறப்படுவார்கள்.

அந்த வானொலியும் அரியதொரு பொருளான காலம் ஒன்று வந்தது. 1990 இல் தீபகற்பத்துக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதியைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் பி.பி.சி. தமிழோசையைக் கேட்ட தலைமுறை நம்முடையது. அந்தத் தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர் நம்மவரான சோ. சிவபாதசுந்தரம் என்பதை இலக்கிய வட்டத்தார் அறிவர். சுழற்றுபவன் களைத்தால் உலகமும் களைத்துப்போகும். குரல் இழுபட்டுத் தேய்ந்து, ஐக்கிய நாடுகள் சபை பாதி வாக்கியத்தில் மௌனமாகிவிடும். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் நின்றது. இன்று காணொளி சற்றே தடைப்பட்டுச் சுழல்வட்டம் தோன்றியவுடன் சினங்கொள்ளும் பிள்ளைகளைக் காணும்போது, அந்த மிதியை ஒருமுறை அவர்கள் கையிற் கொடுத்துப் பார்க்கலாம் என்றெண்ணுவதுண்டு.

அக்காலத்தில் வெளிநாட்டில் ஒருவர் இறந்த செய்தி வாரக்கணக்கிற் பிந்தியே இங்கு வந்தது. அந்தியேட்டி முடிந்தபின் துடக்குக் காத்த குடும்பங்கள் உண்டு. 2002 இல் ஏ9 வீதி திறந்ததும், 2006 இல் அது மீண்டும் மூடியதும், 2009 இல் போர் முடிந்ததும் யாவரும் அறிந்தவை. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு இடையே கைத்தொலைபேசியும் அதன்பின் இணையமும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. செய்திக்காகக் காய்ந்து கிடந்த ஊர் செய்தியில் மூழ்கியது.

இணையத்துக்கு வந்த ‘அன்னார்’ முன்னைய ஒடுக்கங்களையெல்லாம் உதறிவிட்டார். லங்காசிறி போன்ற தளங்களில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நாடு ஏறிக்கொண்டது. மூத்த மகன் கனடா, இரண்டாமவர் பிரான்ஸ், மகள் சுவிஸ், மருமகன் நோர்வே, கடைசிப் பிள்ளை இலண்டன். நம்முடைய அறிவித்தல்களில் இலண்டன் ஒரு நாடு என்பதைப் பூகோள ஆசிரியர்கள் பொறுத்தருள்க. நம்மவர் எங்கெங்கே சிதறினர் என்று ஆராய முற்படும் வருங்காலச் சரித்திரகாரன் குடிவரவு அலுவலகங்களின் கதவைத் தட்டவேண்டியதில்லை. இந்த அறிவித்தல்களை அடுக்கி வைத்து, ஊர் வாரியாகப் பிரித்து எண்ணினாற் போதும். ‘இலங்கை’ என்ற சொல் ஒரே ஒருவர் பெயருக்கு அருகில் நிற்கும் அறிவித்தல்கள் எத்தனை என்பதையும் அவன் எண்ணுவானாக. அந்த ஒருவர் பெரும்பாலும் விதவையாக இருப்பார், அல்லது மணமாகாத தங்கையாக இருப்பார்.

இணையத்தில் இன்னொரு வசதி, பிழை திருத்தம். பத்திரிகையில் ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால், அந்தப் பகை இரு தலைமுறைக்கு நின்றது. கலியாண வீடுகள் அதனாற் பிளந்தன. இன்று தொலைபேசியில் ஓர் அதட்டல் போட்டால் அரைமணி நேரத்திற் பெயர் ஏறிவிடும். பகை வளர அவகாசமில்லை. எனினும் பெயர் வரிசையில் யார் முன், யார் பின் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

வட்ஸ்அப்பில் ஊருக்கொரு குழு உண்டு. அங்கே வாழ்வும் சாவும் ஒரே வரிசையில் நிற்கும். ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் இன்னொருவரின் மரணச் செய்தி வந்து விழும். ஒஸ்லோவில் வேலை முடிந்து வந்தவர், மேலிருந்து கீழே பார்க்க நேரமின்றி, ஈற்றிலே தம் பங்குக்கு ‘இனிய நல்வாழ்த்துகள்’ என்று எழுதிவிடுவார். முகநூலில் ஆரம்பத்தில் இருந்தது உயர்த்திய பெருவிரல் ஒன்றே. ஆகவே எவர் இறந்தாலும் ஊரார் பெருவிரல் காட்டினர். 2016 இல் கண்ணீர் முகம் ஒன்றை அந்நிறுவனத்தார் சேர்த்தபின்னரே நமக்கு அந்தச் சங்கடம் நீங்கிற்று. மூன்று மணி நேரம் தலைவிரித்துப் பாடிய ஒப்பாரியை ஒரு மஞ்சள் முகம் அரைக்கணத்தில் நிறைவேற்றுகின்றது. இதனை நான் முழுதாகப் பழிக்கவில்லை. செத்தவீட்டில் முன்பும் எல்லோரும் அழுதவரல்லர். பந்தலின் ஒரு மூலையில் தேர்தலும் காணி விலையும் எப்போதும் பேசப்பட்டன.

பழிக்கவேண்டியது வேறொன்று. வீதி விபத்தில் ஓர் இளைஞன் விழுந்து கிடக்கின்றான். வைத்தியசாலைக்கு வண்டி வருமுன் அவன் படம் வந்துவிடுகின்றது. பெயரும் ஊரும் அடுத்த நிமிடம். தாய் அப்பொழுது கிணற்றடியில் நிற்கின்றாள். அவளுடைய தொலைபேசி குசினியிற் கிடந்து அலறுகின்றது. எடுத்துப் பார்த்தால் அங்கே முன்னுரை இல்லை, ஏலாமற் கிடக்கு இல்லை, சால்வை எடுக்க நேரமில்லை. பொய்ச் செய்தியைத் தண்டிக்கவென்று 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றியது. கருத்துச் சுதந்திரத்தை அது நெரிக்கும் என்ற கண்டனமும் எழுந்தது. ஆனால் இங்கே வந்தது பொய்யன்று, முற்றிலும் உண்மை. யார் முதலில் அறியவேண்டும், யார் வாயால் அறியவேண்டும் என்ற வரிசையை எந்தச் சட்டத்தாலும் வகுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் நின்றவனை விடுவித்தோம், நன்று. அவனோடு மங்கல வழக்கையும் அனுப்பிவிட்டோம்.

இனி, கல்வெட்டு. பிறநாட்டார் இச்சொல்லைக் கேட்டாற் சோழர் காலத்துக் கற்களை நினைப்பர். நமக்கோ அது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டிற் சாப்பாட்டோடு கையில் வைக்கப்படும் சிறு நூல். முகப்பிற் படம், உள்ளே திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, புலம்பல், பின்னர்த் தேவாரத் திருவாசகங்கள். நம் நாட்டிற் கவிதைத் தொகுதியை விலை கொடுத்து வாங்கியவரை நான் கண்டது அரிது. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெற்றவரும் உறைக்குள் என்ன வைப்பது என்று தயங்குவதைப் பார்த்திருக்கின்றேன். கல்வெட்டோ வீடு தேடி வரும், அடுக்கில் நிற்கும், வெள்ளிக்கிழமைகளில் எடுத்துப் படிக்கவும் படும். வெண்பா யாக்கத் தெரிந்த கடைசிப் புலவர்களைக் காப்பாற்றிவருபவர்கள் இறந்தவர்களே என்று நண்பரொருவர் கூறுவதுண்டு. வேடிக்கையாகத்தான் கூறுவார், ஆனால் ஓர் ஊரின் குளத்தை வெட்டியவர் யார், பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார் என்பவை வேறெங்கும் எழுதப்படாமல் இந்தச் சிறு நூல்களில் மாத்திரம் எஞ்சியிருத்தல் உண்டு.

அவையும் அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே நாள்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசலைவிட்டுப் புறப்பட்டபோது, கையில் எடுத்தவை பிள்ளைகளும் அரிசியும் உறுதிப்பத்திரமும். அடுக்கில் இருந்த கல்வெட்டுகளைத் தூக்கிச் சென்றவர் எத்தனை பேர்? திரும்பி வந்தபோது பலருக்கு அடுக்கும் இல்லை, கூரையும் இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் பழைய நூல்களோடும் பத்திரிகைகளோடும் இந்த நினைவு மலர்களையும் தேடிப் பிடித்துப் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றிவருகின்றது. ரொறன்ரோவில் இருக்கும் ஒருத்தி தன் பூட்டியின் பெயரை அங்கே தேடிக் காணலாம். கரையானும் தீயும் தின்னமாட்டாத ஓர் அடுக்கு நமக்கு முதன்முறையாக வாய்த்திருக்கின்றது. இணையத்துக்கு எதிராக நான் எழுதத் தொடங்கும் போதெல்லாம் இந்த நினைவு வந்து பேனாவைத் தடுக்கின்றது.

எல்லாவற்றினும் புதியது நேரலை. கொவிட் காலத்தில், 2020 இலும் 2021 இலும், செத்தவீட்டுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று அரசு வரையறுத்தது. அயல் வீட்டாரே வேலிக்கு அப்பால் நின்று கும்பிட்ட நாள்கள் அவை. முன்பும் சிறிது சிறிதாக இருந்த நேரலை அந்நாள்களில் ஊன்றிக்கொண்டது. தொற்று நீங்கியது, நேரலை நீங்கவில்லை. இன்று பந்தற்காரருக்கும் கதிரைக்காரருக்கும் சொல்லியனுப்பும்போதே படப்பிடிப்பாளருக்கும் சொல்லிவிடுகின்றனர். சில வீடுகளில் மேலே ஒரு சிறு பறக்கும் கருவியும் வண்டுபோல் இரைந்துகொண்டு நிற்கும். பறைமேளக்காரர் அதற்குப் போட்டியாக அடிப்பர். கிரியை செய்யும் ஐயர் ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு, படப்பிடிப்பாளரைக் கடைக்கண்ணாற் பார்த்து, அவர் தலையசைத்தபின் அடுத்ததற்குப் போகின்றார். தலைமாட்டில் குனிந்து அழும் சகோதரியிடம், ‘அக்கா, கொஞ்சம் விலகுங்கோ, கனடாவில இருந்து பாக்கினம்’ என்று ஒரு குரல் கேட்கும். அவளும் விலகுகின்றாள்.

முன்னர் இராகுகாலம் பார்த்துப் பிரேதம் எடுத்தோம். இப்பொழுது பஞ்சாங்கத்தோடு உலகக் கடிகாரமும் வேண்டும். கோடைகாலத்தில் இங்கே காலை 10 மணி என்றால் இலண்டனில் விடிகாலை 5.30, ரொறன்ரோவில் நள்ளிரவு கழிந்து 12.30, சிட்னியிற் பிற்பகல் 2.30. மகன் வேலையால் வந்து குளிக்கவேண்டும். மகளின் பிள்ளைகள் விழித்திருக்கவேண்டும். இரண்டு பஞ்சாங்கக்காரரையும் திருப்தி செய்து நேரம் குறிப்பது இலேசான காரியமன்று.

இதில் ஒரு விசித்திரத்தை நான் கவனித்தேன். நம் வழக்கிற் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. படலையோடு, மிஞ்சினாற் சந்தியோடு, அவர்களது வழியனுப்பல் முடிந்துவிடும். தகப்பனைச் சுமந்து போன பாதையின் முடிவில் என்ன நடந்தது என்பதைத் தலைமுறை தலைமுறையாக மகள்மார் கண்டதில்லை. நேரலை அந்த வேலியை ஓசையின்றித் தாண்டிவிட்டது. கொள்ளி வைப்பதை மகள் பாரிசிலிருந்து பார்க்கின்றாள். ஊரிலிருக்கும் தாயோ, முற்றம் கழுவிய ஈரத்தில், அயல்வீட்டுப் பெடியனின் கைத்தொலைபேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அதனையே பார்க்கின்றாள். இதற்கென்று எவரும் போராடவில்லை, எவரும் மறுக்கவுமில்லை. சீர்திருத்தம் இப்படியும் வரும் போலும்.

இருந்தும் சடங்குக்குக் கைகள் வேண்டும். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வேண்டும். 1981 இன் குடிசன மதிப்பீட்டில் ஏழு இலட்சத்தைக் கடந்திருந்த யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள், 2012 இல் ஆறு இலட்சத்தையும் எட்டவில்லை. பன்னிரு பேரப்பிள்ளைகள் அறிவித்தலில் இருக்கின்றனர். பந்தமேந்த அயலிலிருந்து நால்வரைக் கூப்பிடவேண்டியிருக்கின்றது. அந்தச் சிறுவர் அடிக்கடி கூப்பிடப்படுவதால் எந்தக் கையில் பிடிப்பது, எப்பக்கமாகச் சுற்றுவது என்பதை ஐயரினும் நன்கறிவர்.

சென்ற ஆண்டு வடமராட்சியில் ஒரு கிராமத்துச் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் நாற்பது பேரளவில் இருந்தோம். அவருள் அரைவாசிப் பேர் எழுபதைக் கடந்தவர். திரையின் மூலையில் முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்ப்பதாக எண் காட்டியது. தூக்குதற்கு வேளை வந்தபோது மூன்று பேர் முன்வந்தனர். நாலாம் ஆளைத் தேடி எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். தோள் கொடுக்கத்தக்க வயதினன் அங்கே ஒருவனே இருந்தான். அவன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு கணம் தயங்கினான். பின்னர் அதனை மதிலின்மேல் மல்லாக்க வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தான். ஒழுங்கை முடியுமட்டும் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடமும் முந்நூறு பேர் கண்டது தென்னங்கீற்று இரண்டையும் ஒரு துண்டு வானத்தையுமே. மேளச் சத்தம் தேய்ந்து போவது மாத்திரம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். மகள் ஒஸ்லோவிலிருந்து வேறொருவரின் தொலைபேசிக்கு அழைத்தாள். அது நெடுநேரம் அடித்துக்கொண்டேயிருந்தது. அதற்குரியவரும் முன்பக்கத்தில் தோள் கொடுத்திருந்தார்.